சுற்றல் நின்ற பிறகும் தரை ஏன் ஆடுகிறது?

கேள்வி: எனக்கு வயது 57. அருப்புக்கோட்டையில் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். போன வருடம் ஆடி மாதம் ஒரு விடியற்காலையில் வலப்பக்கம் புரண்டு படுத்தேன். அறையே ராட்டினம் மாதிரி சுற்றியது, ஒரே வாந்தி. அசையாமல் கிடந்தால் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும், திரும்பினால் மறுபடி வரும். காது நன்றாகக் கேட்கிறது, இரைச்சல் இல்லை. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லிக் கழுத்துப் பட்டையும் மாத்திரையும் கொடுத்தார்கள். 14 மாதமாக இரண்டையும் விடவில்லை. பெரிய சுற்றல் ஒரு மாதத்தில் நின்றுவிட்டது. ஆனால் அன்றிலிருந்து படகில் நிற்பது போலவே ஓர் ஆட்டம். படுத்தால் இல்லை, நின்றால், நடந்தால், பஸ்ஸில் போனால் அதிகம். கட்டம் போட்ட துணியை வெட்டும்போது கோடுகள் நகர்கிற மாதிரி இருக்கிறது. இன்றைக்கும் இடப்பக்கம்தான் படுக்கிறேன். தவறி வலப்பக்கம் திரும்பினால் சில நொடி சுற்றுகிறது. கோலம் போடுவதை விட்டாயிற்று, சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறேன். இந்தச் சித்திரையில் மூளை ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். வீட்டில் எல்லாம் மனப்பிரமை என்கிறார்கள். ஸ்கேனில் தெரியாத ஏதாவது இருக்குமா? மாத்திரையை ஆயுசுக்கும் சாப்பிட வேண்டுமா? இப்போது ஊசியில் நூல் கோக்கக்கூடக் கை நடுங்குகிறது, கண் பவர் கூடிவிட்டது போல. மாசியில் மகள் கல்யாணம். பட்டு எடுக்கக் கடைக்குள் போய் நிற்க முடியுமா என்றே பயமாக இருக்கிறது. மாத்திரை அட்டைகளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அம்மா, போகிறபோக்கில் எழுதிய அந்த நூல் கோக்கும் வரியிலிருந்து தொடங்குகிறேன். தலைச்சுற்றலைவிட அதுதான் எனக்கு அவசரமாகப் படுகிறது.

நீங்கள் அனுப்பிய படத்தில் மூன்று அட்டைகள் இருக்கின்றன. ஒன்று ரத்த அழுத்தத்துக்கு. அதைத் தொட வேண்டாம், தொடர்ந்து சாப்பிடுங்கள். மற்ற இரண்டும் சின்னரிசின், புரோகுளோர்பெரசின். சுற்றலும் வாந்தியும் உச்சத்தில் இருக்கும்போது ஆளை எழுப்பி உட்கார வைப்பதற்கான மருந்துகள் இவை. சில நாட்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டியவை. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் செய்யும் வேலையை இவை தடுக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டால், அதிலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, பார்க்கின்சன் நோயைப் போலவே அறிகுறிகள் வரலாம்: கை நடுக்கம், நடையில் தளர்ச்சி, கையெழுத்து சிறுத்துப்போவது, முகத்தில் களை குறைவது. உங்கள் மகளிடம் கேளுங்கள், அம்மா முன்னைப் போலக் கை வீசி நடக்கிறாளா, முன்னைப் போல முகம் மலர்ந்து சிரிக்கிறாளா என்று. தினமும் பார்க்கும் கண்ணுக்கு இந்த மாற்றம் எளிதில் படாது, யோசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

நடுக்கத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். அதனால் இந்த வாரமே, எழுதிக்கொடுத்த மருத்துவரிடமோ ஒரு பொது மருத்துவரிடமோ போங்கள். அட்டைகளைக் கையில் கொடுத்து, ‘14 மாதமாகச் சாப்பிடுகிறேன், கை நடுங்குகிறது, எப்படி நிறுத்துவது’ என்று நேராகக் கேளுங்கள். நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்குப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதுதான் வழக்கம். மருந்தால் வந்த நடுக்கமாக இருந்தால், நிறுத்திய சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடுகிறது. ஆக, ஆயுசுக்கும் சாப்பிட வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில், கூடாது என்பதுதான்.

இதில் எனக்கும் ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இவற்றை ‘ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு வாங்க’ என்று எழுதியிருக்கிறேன். பலர் மறுபடி வரவே இல்லை. குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சீட்டைக் காட்டிக் கடையிலேயே வாங்கி அவர்கள் வருடக்கணக்கில் சாப்பிட்டிருக்கக்கூடும் என்பது பிறகுதான் உறைத்தது. அன்றிலிருந்து இந்த மாத்திரைகளை எழுதினால் எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்பதையும் சீட்டிலேயே எழுதிவிடுகிறேன்.

இனி உங்கள் தலைச்சுற்றல். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களுக்கு இருப்பது ஒன்றல்ல, இரண்டு. ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்திருக்கிறது. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ‘தலை சுத்துது’ என்ற ஒரே சொல்தான். எழுந்தவுடன் கண் இருட்டினாலும், சர்க்கரை இறங்கினாலும், ரத்தம் குறைந்தாலும், அறை சுழன்றாலும், தரை மிதந்தாலும் அதே சொல்தான். அதனால்தான் என் முன் உட்காருபவர்களிடம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு நேரம் இருக்கிறது, என்ன செய்தால் வருகிறது என்று கேட்பேன். நீங்கள் அந்த இரண்டையும் கேட்காமலேயே எழுதியிருக்கிறீர்கள். பாதி நோயை அதுவே சொல்லிவிட்டது.

முதலாவது, அந்த ஆடி மாத விடியலில் வந்தது. புரண்டு படுத்தால், குனிந்தால், கொடியில் துணி போட அண்ணாந்தால் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகக் கடுமையாகச் சுற்றும். அசையாமல் இருந்தால் அடங்கும். காது கேட்பதில் குறை இருக்காது. இது உட்காதில் கல் நழுவியதன் அடையாளம். மருத்துவர்கள் இதை ‘பிபிபிவி’ என்று எழுதுவார்கள்.

கல் என்றதும் சிறுநீரகக் கல்லை நினைத்துப் பயப்பட வேண்டாம். இது எல்லோருக்கும் பிறவியிலேயே இருப்பது. உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, உள்ளே திரவம். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அந்தத் திரவத்தின் ஓட்டத்தை வைத்து மூளை தெரிந்துகொள்கிறது. குழாய்களுக்குப் பக்கத்தில் சிறு பை ஒன்று உண்டு. அதில் பசை போன்ற படலத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவில் சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். எது மேல், எது கீழ் என்று சொல்வது அவற்றின் வேலை. வயதாலோ, தலையில் அடிபட்டதாலோ, பெரும்பாலும் இன்ன காரணம் என்று சொல்ல முடியாமலோ சில துகள்கள் கழன்று குழாய்க்குள் விழுந்துவிடும். நாம் புரளும்போது அவையும் உருண்டு திரவத்தைத் தள்ளும். தலை நின்றுவிட்டது என்று கண்ணும் கழுத்தும் சொல்ல, இன்னும் சுற்றுகிறது என்று அந்தக் காது சொல்லும். அந்தச் சண்டைதான் நீங்கள் கண்ட ராட்டினம்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை, ஒரு கட்டில் போதும். உட்கார வைத்துத் தலையை ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்துப் படுக்க வைத்துக் கண்ணைப் பார்ப்போம். கல் நழுவிய காது கீழே இருந்தால், சில நொடிகளில் கருவிழி தானாகத் துடிக்கும், சுற்றலும் வரும். லண்டனில் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் என்ற இரு மருத்துவர்கள் 1952-ல் விவரித்த சோதனை இது. இன்றும் முதலில் செய்வது இதைத்தான். இந்த 14 மாதத்தில் யாராவது உங்களை இப்படிச் சாய்த்துப் பார்த்தார்களா? கடிதத்தில் அது இல்லை. பார்த்திருந்தால் நீங்கள் எழுதாமல் விட்டிருக்க மாட்டீர்கள், ஏனென்றால் அந்தச் சோதனையை யாரும் மறப்பதில்லை.

குணப்படுத்துவதும் அதே கட்டிலில்தான். வலக் காது என்றால், தலையை வலப்பக்கம் திருப்பிச் சாய்த்துப் படுக்க வைத்து, சுற்றல் அடங்கும்வரை காத்திருந்து, தலையை மெதுவாக இடப்பக்கம் கொண்டுவந்து, பிறகு உடம்போடு சேர்த்து முகம் தரையைப் பார்க்கும்படி இடப்பக்கம் புரட்டி, கடைசியில் எழுப்பி உட்கார வைப்போம். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். குழாயின் வளைவு வழியாகத் துகளை உருட்டி, அது கிளம்பிய பையிலேயே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கணக்கு. அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஜான் எப்லி என்ற காது மருத்துவர் கண்ட முறை. மாத்திரையும் கத்தியும் இல்லாமல் தலையைத் திருப்பியே சுற்றலை நிறுத்தலாம் என்று அவர் சொன்னபோது சக மருத்துவர்களே நம்பவில்லை; 1992-ல்தான் கட்டுரையாக வந்தது. இன்று உலகம் முழுக்க முதல் சிகிச்சை அதுதான். ஓரிரு தடவை செய்தாலே பத்தில் எட்டுப் பேருக்கு அடங்கிவிடுகிறது.

உங்கள் பெரிய சுற்றல் ஒரு மாதத்தில் தானாகக் குறைந்தது உண்மை. ஆனால் வலப்பக்கம் திரும்பினால் இன்றும் சில நொடி சுற்றுகிறது என்கிறீர்கள். 14 மாதமாக அந்தப் பக்கமே படுக்காமல் தப்பித்து வந்திருக்கிறீர்கள், கல் அங்கேயே இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ, பக்கத்தில் உள்ள காது மருத்துவரிடமோ போய், ‘வலப்பக்கம் புரண்டால் சுற்றுகிறது, சாய்த்துப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். முதல் முறை வீட்டில் நீங்களாகச் செய்ய வேண்டாம். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் புரட்டினால் பலன் இருக்காது, துணை இல்லாமல் விழுந்தும்விடலாம். கற்றுக்கொடுத்த பிறகு வீட்டில் செய்யலாம். அது தெரிந்திருப்பது நல்லதும்கூட. ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மறுபடி ஒருமுறை நழுவுகிறது. வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்கு அதைச் சரிசெய்தபோது மறுபடி வருவது குறைந்தது என்று தென்கொரியாவில் நடந்த ஓர் ஆய்வு 2020-ல் வெளியானது. ரத்தப் பரிசோதனையில் அதையும் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். ரத்த அழுத்தத்தையும் படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுபடி ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். நின்றதும் 20 புள்ளி இறங்கினால் உங்கள் பிபி மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும்.

கழுத்துப் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. 57 வயதில் பெரும்பாலானவர்களுக்குக் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் கொஞ்சம் தேய்மானம் தெரியும், தலையில் நரை தெரிவது மாதிரி. நரையால் தலை சுற்றுகிறது என்று சொல்வோமா? கையில் மரமரப்போ கை கால் பலவீனமோ நீங்கள் எழுதவில்லை. அப்படி எதுவும் இல்லையென்றால் பட்டையைக் கழற்றிவிடலாம், மருத்துவரிடம் சொல்லிவிட்டே கழற்றுங்கள். அது உங்கள் கழுத்தை இறுக்கியது, தலையைத் திருப்பவே பயப்படப் பழக்கியது. அந்தப் பயம்தான் நம்மை இரண்டாவது நோய்க்குக் கொண்டுபோகிறது.

குளத்துப் படியில் பாசி வழுக்கி ஒருமுறை விழுந்தவர் அடுத்த முறை எப்படி இறங்குவார்? கால் விரலை ஊன்றி, முழங்காலை இறுக்கி, கண்ணைப் படியிலிருந்து எடுக்காமல் இறங்குவார். பாசி இருக்கும்வரை அதுதான் சரி. பாசியைச் சுரண்டிக் கழுவிய பிறகும், வீட்டுத் தரையில்கூட அவர் அப்படியே நடந்தால்? உங்கள் மூளை இப்போது செய்வது அதைத்தான். நாம் விழாமல் நிற்பது மூன்று சாட்சிகளை வைத்து: உட்காது, கண், பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு. ஆடி மாதம் காது பொய் சொன்னது. அன்றிலிருந்து மூளை காதை நம்புவதைக் குறைத்துக் கண்ணையே அதிகம் நம்பத் தொடங்கிவிட்டது. அதனால்தான் கண்ணுக்கு முன் கோடுகளும் கூட்டமும் அசைவும் நிறைந்தால் உடனே தடுமாற்றம். கட்டம் போட்ட துணி நகர்வது அதனால்தான். பஸ் ஜன்னலில் மரங்கள் ஓடுவதும், ஜவுளிக் கடை அடுக்குகளும் அதனால்தான். உடம்பும் எப்போதும் விறைப்பாகக் காவல் நிற்கிறது. அந்த விறைப்பையே நீங்கள் ஆட்டமாக உணர்கிறீர்கள்.

மூன்று மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், நின்றாலும் நகர்ந்தாலும் அசையும் காட்சிகளைப் பார்த்தாலும் கூடுகிற இந்தத் தள்ளாட்டத்துக்கு மருத்துவத்தில் தனிப் பெயர் இருக்கிறது. ‘த்ரீ பிடி’ என்று சுருக்கிச் சொல்வார்கள். சமநிலை நோய்களை ஆராயும் உலகளாவிய அமைப்பான பாரனி சங்கம் 2017-ல் இதற்கு இலக்கணம் வகுத்தது. சங்கத்தின் பெயரில் இருக்கும் ராபர்ட் பாரனி, உட்காதின் சமநிலை உறுப்பை ஆராய்ந்ததற்காக 1914-ன் நோபல் பரிசு பெற்றவர். பெயர் புதிது, நோய் பழையது. அகன்ற சதுக்கங்களைக் கடக்கும்போது தலை சுற்றுகிறது என்று வந்தவர்களைப் பற்றி 1870-களிலேயே ஐரோப்பிய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். உங்கள் வீட்டாருக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். மூளை தன் கணக்கைத் தவறாகப் போடுகிறது, அது நோய். பிரமை என்றால் இல்லாததை இருப்பதாக நினைப்பது; உங்கள் ஆட்டம் நிஜமாக இருக்கிறது, அதற்குப் பெயர் உண்டு, சிகிச்சையும் உண்டு.

ஸ்கேனில் இது தெரியாது, ஏனென்றால் உறுப்பில் பழுது இல்லை. மறைந்த கட்டி ஏதாவது இருக்குமோ என்ற பயத்தை விடுங்கள். நோய் தொடங்கி ஒன்பது மாதம் கழித்து எடுத்த ஸ்கேன் தெளிவாக இருக்கிறது. மறுபடி எடுக்க வேண்டியதில்லை.

இதற்கு மருந்து அசைவுதான். எதைச் செய்தால் ஆடுகிறதோ அதையே சிறு அளவில், தினமும், ஒழுங்காகச் செய்ய வேண்டும். போரில் தலையில் அடிபட்டவர்களைப் படுக்க வைப்பதைவிட அசைய வைத்தால் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே இங்கிலாந்தில் காதார்ன், குக்சி என்ற இருவர் கண்டு பயிற்சிகள் வகுத்தார்கள். இன்றைய பயிற்சிகளின் வேர் அது.

உங்களுக்கு நான் சொல்வது இவைதான். ஒரு தாளில் ‘அ’ என்று பெரிதாக எழுதி, கண் உயரத்தில் சுவரில் ஒட்டுங்கள். கை நீட்டும் தூரத்தில் முதலில் உட்கார்ந்து, பார்வை எழுத்தை விட்டு நகராமல் தலையை மட்டும் இடமும் வலமும் ‘இல்லை, இல்லை’ என்பது போல் திருப்புங்கள். ஒரு நிமிடம், நாளைக்கு மூன்று வேளை. ஒரு வாரத்தில் பழகியதும் நின்று செய்யுங்கள். சுவர் மூலையில் முதுகு காட்டி, முன்னால் ஒரு நாற்காலி வைத்துக்கொண்டு, பாதங்களைச் சேர்த்து அரை நிமிடம் நில்லுங்கள். முதலில் கண் திறந்து, பிறகு கண் மூடி. மகள் பக்கத்தில் இருக்கட்டும். செய்யும்போது கொஞ்சம் ஆடும். ஆட வேண்டும், ஆடினால்தான் மூளைக்குப் பாடம். கால் மணி நேரத்தில் அடங்கினால் அளவு சரி. பாதி நாள் படுக்க வைத்தால் அளவு அதிகம், பாதியாகக் குறையுங்கள்.

வீட்டுக்குள் சுவரைப் பிடிப்பதை விடுங்கள். இரவில் விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பகலில் கை வீசி நடங்கள். மாலையில் மகள் துணையோடு தெருவில் பத்து நிமிடம். வாசலில் முதல் வாரம் முக்காலியில் உட்கார்ந்து நாலு புள்ளிக் கோலம், மூன்றாம் வாரம் குனிந்து. கட்டத் துணியைத் தள்ளி வைக்காதீர்கள்; ஐந்து நிமிடம் வெட்டுங்கள், நிமிர்ந்து தூரத்தில் ஏதாவது ஒன்றைப் பாருங்கள், மறுபடி வெட்டுங்கள். உங்கள் தொழிலே உங்களுக்கு நல்ல பயிற்சிச் சாலை. சமநிலைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் அவரிடம் போவது இன்னும் நல்லது.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் பெரிய மாற்றம் இல்லையென்றால், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் சில மாத்திரைகளைச் சிறு அளவில் மருத்துவர் தொடங்கலாம். ‘எனக்கென்ன பைத்தியமா’ என்று அப்போது கோபப்பட வேண்டாம். ஓயாமல் ஒலிக்கும் அபாய மணியின் சத்தத்தை அவை தணிக்கின்றன. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், பத்து நாளில் விட்டுவிடக் கூடாது. பயத்தைப் பற்றி ஒரு மனநல ஆலோசகரிடம் நாலு முறை பேசுவதும் சிகிச்சையின் பகுதிதான்.

ஒரு எச்சரிக்கை மட்டும். சுற்றலோடு பேச்சுக் குழறினால், இரட்டையாகத் தெரிந்தால், முகமோ கை காலோ ஒரு பக்கம் தளர்ந்தால், நிற்கவே முடியாமல் சாய்ந்தால், இதுவரை இல்லாத கடும் தலைவலி வந்தால், அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அன்றே காது மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பட்டுப் புடவைக்கு வருகிறேன். இப்போது புரட்டாசி. தை பிறந்ததும் எடுப்பதாக வைத்தால் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. இந்த மாதக் கடைசியில், கூட்டமில்லாத ஒரு காலை வேளையில் உங்கள் ஊரிலேயே ஒரு சின்ன ஜவுளிக் கடைக்குப் போங்கள். ஒன்றும் வாங்க வேண்டாம். ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் பத்து நிமிடம், ஒரு ரவிக்கைத் துணி. தீபாவளிக் கூட்டத்தில் போக வேண்டாம், அது முடியட்டும். கார்த்திகையில் மதுரைக்குப் பஸ்ஸில் போய் ஒரு பெரிய கடையின் கீழ்த்தளத்தில் அரை மணி நேரம். ஆடினால் வெளியே ஓடிவராதீர்கள். ஒரு தூணையோ ஒரே ஒரு புடவையையோ உற்றுப் பாருங்கள், மூச்சை மெதுவாக விடுங்கள், அடங்கிய பிறகு கிளம்புங்கள். தையில் பட்டு எடுக்கும் அன்று உட்கார்ந்து பாருங்கள், யாரும் குறையாக நினைக்கப்போவதில்லை. கொஞ்சம் ஆட்டம் அன்றைக்கும் இருக்கலாம், அதோடேயே எடுத்துவிடலாம். மருத்துவர் சாய்த்துப் பார்த்ததில் என்ன தெரிந்தது, மாத்திரை குறைந்த பிறகு ஊசியில் நூல் கோக்க வருகிறதா என்பதை மார்கழி வாக்கில் எனக்கு எழுதுங்கள்.